போவிஸ் கோட்டையில் திப்புவின் கூடாரம்

ஷ்ரூஸ்பரியில் ரயிலேறினால் அடுத்த நிறுத்தமே வெல்ஷ்பூல். வேல்ஸ் எல்லையோர ஊர். மான்கள் மேயும் பூங்கா வழியே நடந்து போனால் மேட்டின் மேல் சிவந்த கல்லில் போவிஸ் கோட்டை. அடுக்கடுக்கான தோட்டங்களைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். நான் போனது ஒரு பிரபுப் பட்டத்தின் கதைக்காக.

13-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் சிற்றரசர் ஒருவர் கட்டிய இந்தக் கோட்டையை 1587-இல் ஹெர்பர்ட் குடும்பம் வாங்கியது. 1674-இல் 'போவிஸ் ஏர்ல்' என்ற பிரிட்டிஷ் பிரபுப் பட்டம் வந்தது. வாரிசில்லாமல் அற்றுப்போனது, 1748-இல் உறவினர் ஒருவருக்குப் புதிதாகத் தரப்பட்டது, 1801-இல் மறுபடியும் அற்றுப்போனது. ஆனால் அதற்குள் 1784-லேயே அந்த வீட்டுப் பெண் ஹென்ரியெட்டா, ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டை மணந்திருந்தார். பழைய பெயர் ஹெர்பர்ட்களிடம் இருந்தது. இந்தியப் பணம் கிளைவ்களிடம் இருந்தது.

இந்த எட்வர்ட் கிளைவ்தான் 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநர். திப்பு வீழ்ந்ததும், கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதும், ஆற்காட்டு நவாபின் ஆட்சியுரிமை பறிபோனதும் அவர் காலத்தில்தான். இன்றைய ராஜாஜி மண்டபமும் அவர் கட்டியது. ஊர் திரும்பிய மறு ஆண்டே, 1804-இல், போவிஸ் ஏர்ல் பட்டம் மூன்றாவது முறையாக அவருக்காக உயிர்பெற்றது. தாய்மாமன் சொத்துக்காக மகன் 1807-இல் தன் குடும்பப் பெயரை ஹெர்பர்ட் என்று மாற்றிக்கொண்டார். கிளைவ் என்ற பெயர் பட்டத்துக்குப் பின்னால் மறைந்தது.

கோட்டைக்குள் கிளைவ் அருங்காட்சியகம் இருக்கிறது. திப்புவின் அரியணையை அலங்கரித்த சிறு புலித் தலைகளில் ஒன்று இங்கே: தங்கத்தில் வார்த்து, மாணிக்கமும் வைரமும் மரகதமும் பதித்தது. கைக்குள் அடங்கும் அளவுதான், ஆனால் பல்லைக் காட்டிய சீற்றம் அப்படியே நிற்கிறது. அதைவிட என்னை உலுக்கியது திப்புவின் கூடாரத் துணி. வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் பச்சையுமாகப் பூச்சாடிகள், வரிசை வரிசையாக. ஒரு மன்னன் தங்கிய கூடாரத்தைப் பிற்காலத்தில் இந்தக் குடும்பம் தோட்ட விருந்துகளுக்கு விரித்துப் பயன்படுத்தியது என்று அறிந்தபோது எனக்குக் கோபமே வந்தது.

1952-இல் நான்காம் ஏர்ல் கோட்டையை, பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதி வைத்தார். பட்டம் குடும்பத்தில் தொடர்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வேல்ஸ் போகிறவர்கள் தோட்டத்தோடு திரும்பிவிடாமல் இந்த அறைக்கும் கட்டாயம் நேரம் ஒதுக்குங்கள். அங்கிருப்பதில் நம் வரலாறும் உண்டு.