இரட்டை மஞ்சள் கோட்டில் ஒரு கிரைண்டர்

கோயம்புத்தூர் கிரைண்டரை இங்கிலாந்தின் குறுகலான மாடிப்படி வழியாக ஏற்றியவர்களுக்கு ஒன்று தெரியும்: முதலில் உடலைக் கொண்டுபோக வேண்டும், பிறகுதான் கல்லுக்குத் திரும்பி வர வேண்டும். ஊர் மாறிப் போன ஒரு தமிழ்க் குடும்பம் விட்டுச்சென்ற பெரிய கிரைண்டரை நண்பர் வீட்டில் சேர்ப்பதற்காக, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் வாசலில் காரை நிறுத்தி, மூன்றாம் மாடி வரை நானும் அவரும் மூச்சு வாங்கத் தூக்கிச் சென்றோம். குழவியை எடுக்கக் கீழே இறங்கி வந்தபோது முன்கண்ணாடியில் ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தது. உள்ளே அபராதச் சீட்டு: இரட்டை மஞ்சள் கோட்டால் தடை செய்யப்பட்ட தெருவில் நிறுத்தியதற்காக 70 பவுண்டு, 14 நாட்களுக்குள் கட்டினால் பாதி, அதாவது 35 பவுண்டு.

பணத்தைவிட அதிகமாக வலித்தது, தெருவில் ஒருவருமே இல்லாததுதான். சீட்டை ஒட்டிய பார்க்கிங் வார்டன் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். குன்னூர் மார்க்கெட் ஓரத்தில் வண்டியை நிறுத்தி மூட்டை இறக்கும்போது போலீஸ்காரர் லத்தியால் பானட்டைத் தட்டினால், அங்கேயே ஒரு பேச்சு நடக்கும். "ரெண்டு நிமிஷங்க சார், இறக்கிட்டு எடுத்துடறேன்" என்போம், அவர் திட்டுவார், நாம் சிரிப்போம், இறக்குகிற கூலிக்காரரும் நமக்காக ஒரு வார்த்தை சொல்வார், கடைசியில் வண்டி நகர்ந்துவிடும். குற்றம், விசாரணை, தண்டனை, மன்னிப்பு எல்லாம் ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும் ஊரிலிருந்து வந்தவனுக்கு, வாதாட ஓர் ஆள்கூட இல்லாமல் ஒரு சீட்டு மட்டும் ஒட்டியிருப்பது அவமானமாகவே பட்டது.

இந்த நாட்டுக்குப் பழகிவிட்டேன் என்று எவரிடமும் தயங்காமல் சொல்வேன். எந்த வாரம் எந்த நிறக் குப்பைத்தொட்டியை வெளியே வைக்க வேண்டும் என்று அண்டை வீட்டார் என்னைக் கேட்டுத்தான் வைக்கிறார்கள். ஆனால் நான் இருப்பது மேடும் பள்ளமுமான வட இங்கிலாந்து நகரம். அதன் சரிவான தெருக்களில் காரை நிறுத்தும்போதெல்லாம், பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க என் கண் இன்னும் கல் தேடுகிறது. குன்னூரில் பெட்ஃபோர்டிலிருந்து மேலேறும் சாலைகளில் வளர்ந்தவனுக்கு ஹேண்ட்பிரேக்கின் மேல் அவ்வளவாக நம்பிக்கை வராது.

நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில், 35 பவுண்டைக் கட்டிவிட்டு வேலையைப் பார் என்றார்கள். அந்தச் சலுகையின் சாமர்த்தியமே அதில்தான் இருக்கிறது: கட்டிவிட்டால் வழக்கு முடிந்தது, பிறகு முறையிட முடியாது. ஆனால் எனக்கு நியாயம் இருந்தது. இரட்டை மஞ்சள் கோடு காரை நிறுத்திவிட்டுப் போவதைத்தான் தடுக்கிறது. கையில் எளிதாகத் தூக்கிப் போக முடியாத கனமான பொருளை ஏற்றி இறக்குவதை அல்ல. அதையும் தடுக்க வேண்டுமானால் நடைபாதையின் விளிம்புக் கல்லில் குறுக்காகச் சிறு மஞ்சள் கோடுகள் போட்டு, பக்கத்தில் பலகையும் வைத்திருப்பார்கள். அந்தத் தெருவின் விளிம்புக் கல்லில் பாசியைத் தவிர வேறெதுவும் இல்லை. வார்டன் சில நிமிடங்கள் நின்று கவனித்திருக்கிறார். காரைச் சுற்றி எந்த நடமாட்டமும் தெரியாததால் ஒட்டிவிட்டார். மூன்றாம் மாடியில் நாங்கள் பட்ட பாடு அவருக்குத் தெரிய நியாயமில்லை.

முதல் படி எளிது. 14 நாட்களுக்குள் கவுன்சிலுக்கு, அதாவது உள்ளூர் நகராட்சிக்கு, இணையத்தில் ஆட்சேபம் எழுதலாம். அந்தக் கெடுவுக்குள் எழுதியவரை நிராகரித்தாலும் பாதித் தொகைச் சலுகையைப் பெரும்பாலும் மறுபடி தருவார்கள். என்னுடையதையும் நிராகரித்தார்கள், சலுகையையும் தந்தார்கள். பொருள் இறக்கியதற்குச் சான்று இல்லை என்பது அவர்கள் வாதம். நான் கட்டவில்லை. கட்டாமல் விட்டால் சீட்டு ஒட்டிய நாளிலிருந்து 28 நாட்களுக்குப் பின் காரின் பதிவு உரிமையாளருக்கு முறையான நோட்டீஸ் வரும். அதற்கு 28 நாட்களுக்குள் முறைப்படி மறுப்பு எழுத வேண்டும். அதிலிருந்து 35 என்ற பேச்சே கிடையாது, முழு 70தான். நோட்டீஸையும் மதிக்காமல் இருந்தால் தொகை பாதி மடங்கு ஏறி 105 ஆகும். பிறகு நார்தாம்ப்டனில் உள்ள நீதிமன்ற மையத்தில் கடனாகப் பதிவாகும். அதன் பிறகு வாசலில் வந்து நிற்பவர்கள் ஜப்தி ஆட்கள். சும்மா இருப்பது மட்டும் எந்தக் கட்டத்திலும் வழியல்ல.

அந்த நோட்டீஸ் வந்தபோது நான் குன்னூரில் இருந்தேன். மே மாதம், சீசன் நெரிசல். கோவை விமான நிலையத்தில் பிடித்த டாக்சியைக் கல்லாறு சோதனைச் சாவடியில் நிறுத்தி இ-பாஸ் கேட்டார்கள். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த ஏற்பாடு. டி.என். 43 என்று தொடங்கும் உள்ளூர் வண்டிகளுக்கு அது தேவையில்லை. பிறந்த மலைக்கு ஏற இப்போது எனக்குப் பாஸ் வேண்டியிருக்கிறது என்ற எண்ணம் பர்லியாறு தாண்டும் வரை போகவில்லை. வீட்டுக்குப் போய் வர்க்கியைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருக்கும்போது மனைவி நோட்டீஸைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

அடுத்த அரை மணி நேரத்தில் எங்கள் திண்ணை ஒரு சட்ட ஆலோசனைக் கூடமாகிவிட்டது. மலைப்பாதையில் காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு மாமா, "அங்கே யாரையாவது தெரியுமாப்பா?" என்று கேட்டார். தெரியாது, தெரிந்தாலும் பயனில்லை என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சித்தப்பா, ஊரிலும் இப்போது பேச்சுவார்த்தைக்கு இடமில்லை என்று அலுத்துக்கொண்டார். அவருடைய பிக்கப்பை யாரோ படமெடுத்து, மோட்டார் வாகனச் சட்டம் 177ஆம் பிரிவின்படி 500 ரூபாய் என்று இ-சலான் போனுக்கு வந்திருந்தது. நான் பல ஆண்டுகளாக இங்கிலாந்து நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிவந்த மார்க்கெட் ஓரத்துப் போலீஸ்காரர், அந்தப் பேச்சில் கொஞ்சம் பழங்கதையாகிப் போனார்.

அப்பா மட்டும் எதுவும் பேசாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தாலுகா அலுவலகத்தில் காலம் தள்ளியவர். திங்கட்கிழமைக் குறைதீர் நாளுக்கு ஊட்டிக்குப் போகும் அக்கம்பக்கத்தார் பலருக்கு இன்றும் மனு எழுதிக் கொடுப்பவர். "அவங்க எடுத்த போட்டோ இருக்குமே, அதைக் காட்டு" என்றார். சீட்டு எண்ணையும் கார் எண்ணையும் கொடுத்தால் வார்டன் எடுத்த படங்களைக் கவுன்சிலின் இணையதளத்தில் பார்க்கலாம். நம்பர் பிளேட், மஞ்சள் கோடு, முன்கண்ணாடியில் உறை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவர், காரின் பின்புறம் தெரியும் படத்தில் நின்று, இரண்டு விரலால் பெரிதாக்கினார். மடக்கிய பின்சீட்டின் மேல் என் பழைய வேட்டி விரித்திருக்க, அதன்மேல் கூம்பாக, சாம்பல் நிறத்தில், கழுத்தில் இரும்புப் பட்டையோடு ஒரு கல்.

"இது குழவிதானே?"

குழவியேதான். சான்று இல்லை என்ற கவுன்சிலின் சொந்தச் சான்றிலேயே, பாதி இறக்கிய கிரைண்டரின் மீதிப் பாதி படுத்துக் கிடந்தது. அது என்ன பொருள் என்று அந்த வார்டனுக்கு எப்படித் தெரியும்? ஏதோ தோட்டத்துச் சிலை என்று நினைத்திருப்பார். அந்த மகிழ்ச்சியில் அம்மா இன்னொரு சுற்றுத் தேநீர் போட்டாள்.

மனு எழுத உட்கார்ந்தபோதுதான் உண்மையான சண்டை தொடங்கியது. அப்பாவின் வரைவு, தங்கள் சமுகத்தின் மேலான கருணையை வேண்டி, அயல்நாட்டில் குடும்பத்தோடு வாழும் ஏழைக் குடிமகனின் பணிவான விண்ணப்பமாக விரிந்தது. கோவை கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்றது என்பதையும் சேர்க்கச் சொன்னார். அங்கே அப்படி எழுதுவதில்லை என்று விளக்கினேன். மறுப்புக்கான காரணங்கள் சட்டத்திலேயே வரையறுக்கப்பட்டுள்ளன: விதிமீறல் நடக்கவே இல்லை, அப்போது வண்டி என்னுடையதல்ல, வண்டியை என் சம்மதமின்றி எடுத்துச் சென்றார்கள், கேட்ட தொகை சட்டம் அனுமதித்ததைவிட அதிகம், நடைமுறையில் தவறு நேர்ந்தது என்று அவை நீளும். நம்முடையது முதல் காரணம். கருணை என்பது வேறு பெட்டி. கவுன்சில் நினைத்தால் காட்டலாம். ஆனால் மேலே இருக்கும் தீர்ப்பாயத்தின் நடுவருக்கு, பாவம் பார்த்து ரத்து செய்கிற அதிகாரமில்லை. மறுபடி யோசித்துப் பாருங்கள் என்று கவுன்சிலுக்குத் திருப்பி அனுப்ப மட்டுமே முடியும். அதனால் கையேந்தினால் நம் வாதம் பலவீனமாகத் தெரியும் என்றேன்.

அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "உரிமையைக் கேளு, வேண்டாங்கல. கடைசியில ஒரு வரி பணிவா எழுதினா உனக்கு என்ன குறைஞ்சு போகுது? படிக்கிறவனும் மனுஷன்தானே" என்றார்.

இறுதியில் கடிதம் அவரும் நானும் சேர்ந்து செய்த கலவையாக அமைந்தது. தேதி, நேரம், தெரு. விளிம்புக் கல்லில் குறியீடு இல்லை என்பதற்கு நான் எடுத்து வைத்திருந்த படம். கிரைண்டர் எத்தனை கனம், ஏன் ஒரே தடவையில் கொண்டுபோக முடியாது என்ற விளக்கம். பொருளை வீட்டுக்குள் கொண்டுசேர்க்கும் நேரமும் இறக்கும் வேலையின் பகுதியே என்ற வாதம். நண்பரின் கையெழுத்திட்ட சாட்சிக் கடிதம். பிறகு, வார்டன் எடுத்த படத்தில் குழவியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கடைசியில், எப்படியிருப்பினும் சூழ்நிலையைக் கருதி ரத்து செய்ய வேண்டுகிறேன் என்ற அப்பாவின் ஒரு வரி. புவிசார் குறியீட்டை மட்டும் எடுத்துவிட்டேன். அதில் அவருக்கு வருத்தம்தான்.

இதே வழி எல்லாச் சீட்டுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். சூப்பர் மார்க்கெட், தனியார் கார் நிறுத்தங்களில் வரும் சீட்டும் பார்வைக்கு அப்படியே இருக்கும். ஆனால் அது அபராதமல்ல, ஒப்பந்தத்தை மீறியதற்கான கட்டணக் கோரிக்கை. கேமரா வழியாகப் பிடித்திருந்தால், ஓட்டியது யார் என்று தெரியாத நிலையில் உரிமையாளரைப் பொறுப்பாக்க, பொதுவாக 14 நாட்களுக்குள் நோட்டீஸ் அவர் கைக்கு வந்திருக்க வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டுச் சட்டம். முதலில் அந்த நிறுவனத்திடமும், மறுத்தால் அது சேர்ந்திருக்கும் சங்கத்தைப் பொறுத்து போப்லா (POPLA) அல்லது ஐ.ஏ.எஸ். (Independent Appeals Service) என்ற முறையீட்டு அமைப்பிடமும் முறையிடலாம். தூக்கிக் குப்பையில் போடு என்ற பழைய அறிவுரையை நம்பாதீர்கள். அத்தகைய 85 பவுண்டுக் கட்டணம் ஒன்று செல்லும் என்று 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

நான் இங்கிலாந்து திரும்பிய பிறகும் பதில் வரவில்லை. முறையான மறுப்புக்குக் கவுன்சில் 56 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் அபராதம் தானாகவே ரத்தாகிவிடும் என்பதால், தபால்காரர் வராத நாளெல்லாம் எனக்கு நல்ல நாளாகப் பட்டது. நிராகரித்தால் அடுத்த 28 நாட்களுக்குள் லண்டனுக்கு வெளியே போடப்பட்ட சீட்டுகளுக்கான போக்குவரத்து அபராதத் தீர்ப்பாயம். கட்டணம் இல்லை, எழுத்திலோ போனிலோ வீடியோவிலோ விசாரணை. உண்மையைச் சொன்னால் அதற்காக ஏங்கத் தொடங்கியிருந்தேன். பேச ஓர் ஆள் கிடைப்பாரல்லவா? திரையில் ஒரு நடுவருக்குக் குழவியைப் பற்றி விளக்கும் வாக்கியங்களைக் குளிக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

கெடு முடிவதற்குள் கடிதம் வந்தது. சிறிய கடிதம். நீங்கள் குறிப்பிட்ட சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு, இம்முறை மட்டும், நல்லெண்ண அடிப்படையில் அபராதம் ரத்து செய்யப்படுகிறது. விதிமீறல் நடக்கவில்லை என்ற என் வாதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. சிவப்பு வட்டத்தைப் பற்றியும் இல்லை.

போனில் படித்துக் காட்டியபோது அப்பா இடைமறிக்கவே இல்லை. முடிந்ததும், "கடைசி வரிக்குத்தான் பதில் போட்டிருக்காங்க" என்றார். அன்று மாலைக்குள் அது சித்தப்பாவுக்கும் பஸ் ஓட்டிய மாமாவுக்கும் எட்டியிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. ரத்து செய்ததை ஏற்கிறேன், ஆனால் ரத்து செய்த காரணத்தை ஏற்கவில்லை என்று கவுன்சிலுக்கு ஒரு பதில் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். மனைவி வந்து மடிக்கணினியை மூடினாள்.

"விட்டுட்டாங்கல்ல? நண்பர் வீட்டுல மாவு ஆட்டி வச்சிருக்காங்களாம், போய் வாங்கிட்டு வாங்க. காரை எங்கே நிறுத்தறதுன்னு யோசிச்சுட்டுப் போங்க. ஒரு டப்பா மாவு ஒண்ணும் கனமான பொருள் இல்லை."