48 ஆரக்கால்களும் ஒரு கார்பைடு டப்பாவும்

2024 ஜூன் 2, ஞாயிறு

மேசையைத் துடைத்துவிட்டு இன்றைக்குத்தான் பெட்டியைப் பிரித்தேன். 1911ஆம் வருடத்து ஃபோர்டு மாடல் டி, திறந்த டூரிங் வண்டி, நிஜ வண்டியில் 32இல் ஒரு பங்கு (1/32) அளவில் ஒட்டிச் செய்கிற மாடல். ஒருவர் தன் பழைய சேகரிப்பை விற்றபோது வாங்கிய கிட், என்னைவிட வயதில் மூத்தது. மொத்தமே நாற்பது சொச்சம் பாகம். ஒரே மத்தியானத்தில் ஒட்டி முடித்துவிடலாம், ஷோகேஸில் வைத்தால் தூரத்திலிருந்து மாடல் டி என்று தெரியும். எனக்கு அது போதாது.

முதலில் வெர்னியரை எடுத்து அளந்தேன். நிஜ வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 100 இன்ச், அதை 32ஆல் வகுத்தால் 79.4 மி.மீ. கிட்டில் 79 இருக்கிறது. இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரத்துக்கு 56 இன்ச், அதாவது 44.4 மி.மீ. வர வேண்டும், அதுவும் சரியாக வந்தது. கிட்டுக்கு வார்ப்பு அச்சு வெட்டியவர் அளவில் பிசகவில்லை, சின்னச் சாமான்களைத்தான் விட்டுவிட்டார். பெடல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மேடு, ஸ்டீயரிங்குக்குக் கீழே லீவர் ஒன்றுமே இல்லை, ஹெட்லைட் இரண்டும் கெட்டியான உருண்டை, கேஸில் எரிகிற அந்த விளக்குக்கு கேஸ் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். இந்த வண்டியை ஓட்டியவனின் கையும் காலும் எதையெல்லாம் தொட்டிருக்குமோ அதையெல்லாம் செய்துவிட வேண்டும். இன்ஜினுக்குள் இருப்பதைத் தொடப் போவதில்லை, பானட் மூடியே இருக்கட்டும்.

ஜூன் 5, புதன்

பெடல். இரண்டு மேட்டையும் உளியால் வழித்துவிட்டு உப்புத்தாள் போட்டேன். மாடல் டி-க்கு மூன்று பெடல், ஆனால் இன்றைய காரில் இருக்கும் மூன்று இல்லை. இடது பெடலை முழுக்க மிதித்தால் முதல் கியர், பாதியில் பிடித்தால் நியூட்ரல், காலை எடுத்துவிட்டால் டாப் கியர். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல் பிரேக், அதுவும் சக்கரத்தைப் பிடிக்காது, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் டிரம்மைப் பிடிக்கும். ஆக்சிலரேட்டர் காலில் கிடையாது, ஸ்டீயரிங்குக்குக் கீழே வலதுபக்க லீவர்தான் அது. இடதுபக்க லீவர் ஸ்பார்க் டைமிங், அதாவது இன்ஜினுக்குள் தீப்பொறி விழும் நேரம். ஓட்டுபவனேதான் போகப் போக டைமிங்கையும் மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

அப்பா நாற்பது வருடம் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஏண்டா, கியர் ராடு எங்க?" என்றார். "கியர் ராடே இல்லீங்கப்பா, எல்லாம் காலுதான்" என்று சொல்லிப் படத்தைக் காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு தரையில் காலை வைத்து ஒருமுறை மிதித்துப் பார்த்தார், பாதி, முழுசு, விடு என்று. அப்புறம், "அப்போ மேடு ஏர்ற வரைக்கும் காலை எடுக்கவே முடியாதே, தொடை வலிச்சுப்போயிருக்கும்" என்றார். அது உண்மைதான். நீளமான ஏற்றத்தில் முதல் கியரில் போனால் இடது காலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

பெடல் தகடு ஒவ்வொன்றும் 1.5 மி.மீ. அகலம், கால் மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டியது. நிஜத்தில் சி, ஆர், பி என்று எழுத்து வார்த்திருக்கும், இந்த அளவில் அது வராது. தண்டுக்குச் செம்புக் கம்பி. லீவர் இரண்டும் 36 கேஜ் கம்பி, அதாவது 0.19 மி.மீ., நுனியைச் சுத்தியால் லேசாகத் தட்டித் தட்டையாக்கினேன்.

ஜூன் 9, ஞாயிறு

இன்று முழுக்கச் சக்கரம்.

கிட்டில் ஆரக்கால்கள் தடியாக இருக்கின்றன, நடுவே வெளிச்சம் போகிற இடைவெளியே குறைவு. மாடல் டி-யின் சக்கரம் மரம், ஒவ்வொன்றிலும் 12 ஆரக்கால், நான்கு சக்கரத்துக்கு 48. மூங்கில் வேண்டும், சீரான கனத்தில் வேண்டும், அதற்கு ஊதுபத்திக் குச்சியைவிட நல்ல பொருள் வீட்டில் இல்லை. மருந்து தடவாத அடிப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன். ஒரு துண்டைச் சின்ன டிரில்லில் மாட்டிச் சுற்றவிட்டு 400 நம்பர் உப்புத்தாளை இரண்டு விரலால் மடித்துப் பிடித்தால், பத்து வினாடியில் ஒரு முனை 0.9 மி.மீ.க்கு இறங்கிவிடுகிறது, மறுமுனை 1.2 மி.மீ.யிலேயே நிற்கிறது. அந்தச் சரிவுதான் வேண்டும். சூடேறினால் சந்தன வாசம் லேசாக வருகிறது.

பழைய ஆரக்கால்களை வெட்டி எடுத்துவிட்டு ரிம்மை மட்டும் வைத்துக்கொண்டேன். காகிதத்தில் 30 டிகிரிக்கு ஒரு கோடு போட்டு, அதன்மேல் கண்ணாடித் துண்டு, அதன்மேல் ரிம். நடுவில், ஆரக்கால்கள் வந்து சேரும் குடத்துக்கு 3 மி.மீ. பிளாஸ்டிக் வட்டம். எதிரெதிராக இரண்டு இரண்டாக வைத்து வந்தால் நடு அசையாது. வரிசையாக ஒரே பக்கமிருந்து வைத்தால் ஆறாவதுக்குள் குடம் ஒரு பக்கம் தள்ளிப்போய்விடும். முதல் சக்கரத்தில் அப்படித்தான் ஆனது, பிரித்து மறுபடி வைத்தேன்.

டயர் விஷயத்தில் இன்னொன்று. முன் டயர் 30க்கு 3 இன்ச், பின் டயர் 30க்கு 3½. வெளிவட்டம் இரண்டுக்கும் ஒன்றே, கனம் மட்டும் வேறு. 1/32-இல் முன்னது 2.4 மி.மீ., பின்னது 2.8. ரிம்மும் முன்னால் 24 இன்ச், பின்னால் 23. ஒன்றுக்கு வாங்கிய டயர் மற்றதில் ஏறாது, ஸ்டெப்னி டயர் எடுத்துப் போகிறவன் இரண்டு சைஸிலும் எடுத்துப் போயிருக்க வேண்டும். கிட்டில் நான்கும் ஒரே அச்சு, 2.8. முன் டயர் இரண்டையும் பக்கவாட்டில் தேய்த்து இறக்கினேன். அந்த 0.4 மி.மீ. குறைந்ததும் முன்பக்கம் எவ்வளவு லேசாகத் தெரிகிறது! வண்டியே ஒல்லியாக நிற்கிறது, படத்தில் பார்க்கிற மாடல் டி அப்படித்தான் நிற்கும்.

இரண்டு சக்கரம் முடிந்தது. மீதி 24 ஆரக்கால் தீப்பெட்டியில்.

ஜூன் 12, புதன்

மூன்றாவது சக்கரம். வேறொன்றும் இல்லை.

ஜூன் 15, சனி

ரேடியேட்டர். கிட்டில் முன்முகத்தில் கட்டம் கட்டமாகக் கீறியிருக்கிறார்கள், தேன்கூடு மாதிரி. மாடல் டி ரேடியேட்டரில் நெட்டுக்குத்தாகக் குழாய்களும் அவற்றைக் குறுக்கே கோத்த மெல்லிய தகடுகளும் இருக்கும், முன்னாலிருந்து பார்த்தால் கண்ணில் படுவது நெருக்கமான கிடைக்கோடுகள்தான். இந்த வண்டிக்குத் தண்ணீர் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானே மேலே ஏறி, ரேடியேட்டரில் ஆறி, தானே கீழே இறங்கும். மொத்தக் குளிர்ச்சியும் இந்த முகத்தை நம்பித்தான், அதனால் இது சரியாக வர வேண்டும் என்று ஆசை.

காலையில் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனேன். கோயம்புத்தூரில் இந்தக் கடைக்குப் பஞ்சமில்லை. 42 கேஜ் கம்பி கேட்டேன், 0.1 மி.மீ. தலைமுடி மாதிரி இருக்கும். "எதுக்குங்கண்ணா, ஃபேனுக்கா?" என்றார் கடைத் தம்பி. ரேடியேட்டருக்கு என்றதும் சிரித்துவிட்டு, சுருளில் மிஞ்சியிருந்ததைக் காசு வாங்காமலே கொடுத்தார்.

கம்பியை நெருக்கிச் சுற்றினால் வெறும் செம்புத் தகடு மாதிரி ஆகிவிடும், இடைவெளி விட்டுச் சுற்றினால் ஒழுங்காக வராது. அதற்கு ஒரு வழி இருக்கிறது: இரண்டு கம்பியைச் சேர்த்துப் பிடித்து ஒன்றாகவே சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் துண்டின் இரண்டு ஓரத்திலும் பசை தடவி, காய்வதற்குள் ஒரு கம்பியை மட்டும் மெதுவாக உருவி எடுத்துவிட்டால், மற்றது சீரான இடைவெளியோடு நின்றுவிடும். 13 மி.மீ. உயரத்துக்கு 65 சுற்று. உருவும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் கோடுகளுக்கு நடுவே நிழல் விழுகிறது, பெயின்டால் எத்தனை பாடுபட்டாலும் இது வராது.

வெளிச்சட்டம் பித்தளை. அப்பா தன் டூல்ஸ் பெட்டியிலிருந்து ஷிம் தகடு (இடுக்கில் வைக்கும் மெல்லிய தகடு) எடுத்துக் கொடுத்தார், 0.1 மி.மீ., கத்தரிக்கோலால் வெட்ட வருகிறது. கிட்டின் ரேடியேட்டர் மேலேயே வைத்துத் தேய்த்து வடிவம் கொண்டுவந்தேன். சுத்தம் செய்ய வீட்டில் குத்துவிளக்கு விளக்குகிற மாதிரி புளிதான், ஊறவைத்த புளியைத் துணியில் தொட்டு இரண்டு தேய்ப்பு, கழுவிக் காயவைத்து மேலே மெல்லிய வார்னிஷ். பித்தளைக்குப் பித்தளையே போட வேண்டும். தங்கநிற பெயின்டில் ஒரு மாவுத்தன்மை இருக்கும், இந்த அளவில் அது உடனே தெரிந்துவிடும்.

ஜூன் 23, ஞாயிறு

இன்றைக்காகத்தான் காத்திருந்தேன். கார்பைடு டப்பா.

1911இல் மாடல் டி-யின் ஹெட்லைட்டுக்குக் கரண்ட் கிடையாது. இடதுபக்க ஃபுட்போர்டில் பித்தளையில் ஒரு உருளை நிற்கும். கீழ் அறையில் கால்சியம் கார்பைடு கல், மேல் அறையில் தண்ணீர். தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்மேல் விழுந்தால் அசிட்டிலின் வாயு வரும், அது குழாய் வழியே விளக்குக்குப் போகும், விளக்கைத் திறந்து தீக்குச்சி கிழித்துப் பற்றவைக்க வேண்டும். பக்க விளக்கும் பின் விளக்கும் மண்ணெண்ணெய். ஆக, ராத்திரிப் பயணம் என்றால் முதலில் விளக்கு வேலை, அப்புறம் முன்னால் போய், இன்ஜினைக் கிளப்ப ஹேண்டில் அடிப்பது. ஹேண்டில் அடிக்குமுன் ஸ்பார்க் லீவரை மேலே தள்ளியிருக்க வேண்டும், மறந்தால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்து மணிக்கட்டை ஒடித்துவிடும்.

அப்பாவுக்கு கார்பைடு என்ற சொல்லே போதும். பட்டறையில் அந்தக் காலத்தில் கேஸ் வெல்டிங்குக்குச் சொந்தமாகவே டிரம் வைத்திருந்தார்கள், இதே கல், இதே தண்ணீர். பூண்டு மாதிரி ஒரு நாற்றம், சட்டையில் ஒட்டினால் இரண்டு நாளைக்குப் போகாதாம். டிரம்மைக் கழுவி ஊற்றும் வெள்ளைச் சேறு சுண்ணாம்புதான், அதையே பட்டறைச் சுவருக்கு அடித்திருக்கிறார்கள். "அந்த டிரம் பக்கத்துல ஒருத்தன் பீடி பத்த வெச்சான், அன்னைக்கு நான் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுது" என்றார்.

உருளைக்குப் பழைய ரேடியோ ஏரியல். மேலே வெள்ளையாக முலாம் இருந்தாலும் உள்ளே பித்தளைக் குழாய், உப்புத்தாளில் தேய்த்தால் மஞ்சள் வந்துவிடும். 4 மி.மீ. குழாயில் 8 மி.மீ. நீளம் வெட்டி, மேலே கொஞ்சம் சன்னமான குழாயைச் சொருகி மூடியாக்கினேன். தண்ணீர் திருகுக்குப் பால்பாயின்ட் ரீஃபில் முனை. ஹெட்லைட்டுக்கு 7 மி.மீ. பித்தளைப் பிரஸ் பட்டன், கிண்ணமாகக் குழிந்த பாதி. டப்பாவிலிருந்து சேஸிஸ் ஓரமாக முன்னால் போகும் குழாய் கித்தார் கம்பி, கடைசி வளைவில் ரப்பர் டியூபுக்குப் பழைய இயர்போன் ஒயரின் கறுப்பு உறை. கம்பி அதற்குள் இறங்கி, விளக்கின் அடியில் ஏறுகிறது.

இப்போது அந்த இரண்டு விளக்கும் எங்கிருந்து எரிகின்றன என்று விரல் வைத்துக் காட்டலாம்.

ஜூன் 29, சனி

முன் கண்ணாடி பாழாகிவிட்டது. சட்டை டப்பாவின் ஒளிபுகும் மூடியில் வெட்டி, ஈயம் வைத்த பித்தளைச் சட்டத்தில் சூப்பர் க்ளூவால் ஒட்டினேன். ஒரு மணி நேரத்தில் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பனி மூடின மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பசையின் ஆவி ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் படியும் என்று தெரிந்தும் அவசரப்பட்டேன். சட்டம் செய்ய இரண்டு நாள் ஆகியிருந்தது, நல்லவேளை அதற்கு ஒன்றும் ஆகவில்லை. புதிதாகக் கண்ணாடி வெட்டி, வெள்ளை ஃபெவிகாலில் ஒட்டியிருக்கிறேன்.

ஜூலை 6, சனி

பெயின்ட். மாடல் டி என்றாலே கறுப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கறுப்பு மட்டுமே என்று இருந்தது 1914 முதல் 1925 வரைதான். 1911 வண்டிகள் அடர்நீலம், நிழலில் கறுப்பாகவே தெரியும், வெயிலில்தான் நீலம். டமியா கம்பெனியின் நீல பெயின்டில் கறுப்பை ஒவ்வொரு சொட்டாகச் சேர்த்துக்கொண்டே போய், ஜன்னலோரத்தில் நீலமாகவும் அறைக்குள் கறுப்பாகவும் தெரிகிற இடத்தில் நிறுத்தினேன். ஐந்து முறை கலக்க வேண்டியிருந்தது. ஆரக்காலுக்கும் அதே நீலம், ஊதுபத்திக் குச்சியின் நார் லேசாகத் தெரியட்டும் என்று ஒரே பூச்சு. டயருக்குச் சாம்பல் கலந்த வெள்ளை, ரப்பரில் கரிப்பொடி சேர்க்கத் தொடங்குமுன் டயர் அந்த நிறம்தான்.

ஜூலை 14, ஞாயிறு

எல்லாம் ஏற்றியாகிவிட்டது. மிஞ்சியது முன் சீட் ஒன்றுதான். அதை ஒட்டவில்லை.

காரணம் பெட்ரோல் டேங்க். முன் சீட்டுக்கு அடியில் இருக்கும், பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாகவே கீழே வழிந்து கார்புரேட்டருக்கு வரும். செங்குத்தான மேட்டில் டேங்க்கில் குறைவாக இருந்தால், முன்பக்கம் உயர்ந்து, கார்புரேட்டருக்கு பெட்ரோல் வராமல் இன்ஜின் நின்றுவிடும். அதனால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே மேடு ஏறியிருக்கிறார்கள். கிட்டில் சீட்டுக்கு அடியில் வெறும் பொந்து. போன வாரம் குழாய் ஒன்றை வெட்டி இரண்டு பக்கமும் மூடி, டேங்க்காக்கி உள்ளே படுக்க வைத்திருந்தேன், மூடிக்கு ரீஃபில் முனையின் இன்னொரு துண்டு.

சாயங்காலம் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியை உள்ளங்கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பெடலை எண்ணினார், கார்பைடு டப்பாவிலிருந்து குழாயை நகத்தால் தடவிக்கொண்டே விளக்குவரை போனார். பிறகு, "பெட்ரோல் எங்கடா ஊத்தறது?" என்றார்.

நான் சொல்லவில்லை, சீட்டைத் தூக்கச் சொன்னேன். நகத்தால் நெம்பினார், வந்துவிட்டது. உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அளவு பாக்க மீட்டரு?"

"மீட்டர் இல்லீங்கப்பா, குச்சி விட்டுத்தான் பாக்கணும்."

தீக்குச்சியைச் சீவிப் பத்து மி.மீ.க்கு ஒரு குச்சி செய்து, சீட்டின் அடியில் வைத்துவிட்டு மூடினேன்.