பழைய சட்டைகளில் ஒரு போர்வையும் இரண்டு குஷன் உறையும்

மூன்று மாதமாகச் சாயங்காலம் கொஞ்ச நேரமாவது தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். அலமாரியின் அடியில் ஒரு பை நிறையப் பழைய காட்டன் சட்டைகளும் பெட்ஷீட்களும் கிடந்தன. யாருக்கும் கொடுக்க முடியாத அளவுக்குப் பழசு, ஆனால் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. அதையெல்லாம் எடுத்துத்தான் ஹாலில் சோபா மேல் போட ஒரு ஒட்டுத்துணிப் போர்வையும், இரண்டு குஷன் உறையும், கதவடியில் வைக்கிற ஒரு நீள உருளையும் தைத்தேன்.

புதுத்துணி வாங்கித் தைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தொட்டுப் பாருங்கள். நூறு தடவை துவைத்த காட்டனில் இருக்கிற மிருது கடையிலிருந்து வந்த துணியில் கிடையாது. கஞ்சி எல்லாம் போயிருக்கும், சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும், சாயமும் அநேகமாக இறங்கி முடிந்திருக்கும். புதுக் காட்டன் முதல் துவைப்பிலேயே 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம். புதுசையும் பழசையும் சேர்த்துத் தைப்பதாக இருந்தால், முதலில் புதுசைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிட்டு அப்புறம் கத்தரிக்கோலை எடுங்கள்.

பழசு என்பதற்காக எல்லாமே தேறாது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழை தேய்ந்து மெலிந்த இடங்களை விட்டுவிட வேண்டும். சட்டையில் காலர், முழங்கை போய்விடும், முதுகுப் பக்கம்தான் பெரிய நல்ல துண்டு கிடைக்கும். பெட்ஷீட்டில் நடுப்பகுதி மெலிந்திருக்கும், ஓரங்கள் உறுதியாக இருக்கும். டீஷர்ட் துணி இழுபடும் என்பதால் இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்கிற மெல்லிய கேன்வாஸைப் பின்னால் ஒட்டிவிட்டு வெட்டினால்தான் சதுரம் சதுரமாகவே இருக்கும்.

வெட்டும்போது நேர் இழை, அதாவது நெசவு நூல் ஓடுகிற திசை, பார்ப்பதை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். நான் முதலில் தைத்த குஷன் உறையைத் துணி மிச்சமாகட்டும் என்று சாய்வாக வெட்டிவிட்டேன். இரண்டு தடவை துவைத்ததும் ஒரு மூலை நீண்டு, உறையே முறுக்கிக்கொண்டு போனது. ஓரத்தில் ஒரே ஒரு இழையை மெதுவாக உருவினால் துணியில் ஒரு கோடு விழும். அதுதான் உண்மையான நேர்.

குஷன் உறை சுலபம், ஜிப் வேண்டாம். 16 இன்ச் குஷனுக்கு முன்பக்கம் 17-க்கு 17. பின்பக்கத்துக்கு 17-க்கு 12 அளவில் இரண்டு துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு நீளப் பக்கத்தை அரை அரை இன்ச்சாக இருமுறை மடித்துத் தைத்துவிடுங்கள். முன்பக்கத்தின் நல்ல பக்கத்தின் மேல் இந்த இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே வருமாறு வைத்தால் நடுவில் 5 இன்ச் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். சுற்றிலும் அரை இன்ச் விட்டுத் தைத்து, மூலைகளில் அதிகத் துணியை நறுக்கிவிட்டுத் திருப்பினால் வேலை முடிந்தது.

போர்வைதான் பொறுமையைக் கேட்கும். 5 இன்ச் சதுரங்கள், தையலுக்குக் கால் இன்ச், அப்படியென்றால் தைத்தபின் ஒவ்வொன்றும் நாலரை இன்ச். வரிசைக்கு 10 வீதம் 12 வரிசை வைத்தால் 45-க்கு 54 இன்ச் வரும். அந்தக் கால் இன்ச் துல்லியமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு தையலுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தாலும் ஒரு வரிசையில் ஒன்பது தையல் சேர்ந்து வரிசையின் நீளமே குறைந்துவிடும், அடுத்த வரிசையோடு பொருத்தும்போது மூலைகள் சந்திக்கவே சந்திக்காது. நான் மெஷின் தட்டில் ஊசியிலிருந்து கால் இன்ச் தள்ளி ஒரு டேப் ஒட்டி, துணி ஓரத்தை அதை ஒட்டியே ஓட்டினேன். ஒரு வரிசையின் தையல் மடிப்புகளை இடப்பக்கமும் அடுத்த வரிசையை வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டால் இரண்டும் சேரும் இடத்தில் மடிப்புகள் ஒன்றுக்கொன்று பூட்டிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து அழுத்துங்கள், இழுத்தால் சதுரம் கோணிவிடும். ஊசியையும் மாற்றிவிடுங்கள், காட்டனுக்கு 14-ம் நம்பர், ஜீன்ஸ் துணி வந்தால் 16.

நடுவில் பஞ்சுக்குப் பதில் ஒரு மெல்லிய பழைய கம்பளியையே வைத்தேன். அடித்துணியைச் சுற்றிலும் 2 இன்ச் பெரிதாக வெட்டிக் கீழே விரித்து, அதன் மேல் கம்பளி, அதன் மேல் ஒட்டுத்துணி. நடுவிலிருந்து வெளியே தடவிக்கொண்டே போய் ஒரு கையளவு இடைவெளியில் ஊக்கு குத்த வேண்டும், ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் சுருக்கம் மாட்டிக்கொள்ளும். பிறகு மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல். மெஷினில் ஒரு நாளில் முடிகிற வேலைதான், ஆனாலும் கைத்தையல் போட்ட போர்வை தோளில் படிந்து விழுவதைப் பார்த்தபின் எனக்கு வேறு மாதிரி தைக்கத் தோன்றவில்லை. ஓரத்துக்கு இரண்டரை இன்ச் பட்டைகளை இணைத்து 210 இன்ச் தயார் செய்து, இரண்டாக மடித்துக் கட்டினேன். நேர் ஓரத்துக்கு நேர்த் துணியே போதும், வளைவு இருந்தால்தான் சாய்வாக வெட்டிய கிராஸ் பீஸ் வேண்டும்.

மிச்சமான துணுக்குகள் எல்லாம் கதவடி உருளைக்குள் போய்விட்டன. கதவின் அகலத்துக்கு ஒரு நீளப் பை, அவ்வளவுதான், குளிர்காற்று உள்ளே வருவதில்லை.

அப்பாவின் கட்டம் போட்ட நீலச் சட்டை ஒன்று அலமாரியடியில் கிடந்த அந்தப் பையில் இருந்தது. அதை மட்டும் 5 இன்ச்சாக வெட்டக் கை வரவில்லை. பாக்கெட்டோடு சேர்த்து ஒன்பதரை இன்ச் சதுரமாக வெட்டி, நாலு சதுரத்தின் இடத்தில் வைத்துத் தைத்தேன். ஓட்டுத்தையலும் பாக்கெட்டின் மேல் ஏறாமல் சுற்றியே போகிறது. இப்போது அம்மா ராத்திரி டிவி பார்த்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அந்தப் பாக்கெட்டில்தான் வைக்கிறார்.