நாலு மாநிலம் ஒன்றரை ஆன கதை

2023 ஜூலையில் என் கணவரின் அப்பா அம்மா, அதாவது மாமாவும் அத்தையும், கோபிசெட்டிபாளையத்திலிருந்து அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் டென்வருக்கு வந்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், பெரியவர்கள் இரண்டு பேர் என்று மொத்தம் ஆறு தலை. காரில் ஊர் சுற்றப் போனால் ஒவ்வொரு இரவும் மோட்டலில் இரண்டு அறை எடுக்க வேண்டும். வேளாவேளைக்கு வெளிச்சாப்பாடு வேறு. பக்கத்து மாநிலமான வயோமிங்கின் சின்ன ஊர்களில் அத்தைக்குச் சைவம் தேடுவதை நினைத்தாலே அலுப்பாக இருந்தது. அதனால்தான் சமையலறை, கழிவறை, படுக்கை எல்லாம் உள்ளேயே இருக்கிற ஆர்.வி. வண்டியில் போவது என்று முடிவானது. ஆறு பேர் நிம்மதியாகப் படுக்க 30 அடி நீள வாடகை வண்டி.

பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துத் திட்டம் போட ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் கொலராடோ, வயோமிங், மொன்டானா, யூட்டா என்று நாலு மாநிலம் எழுதினேன். ஆசைக்கு என்ன, அதற்கு வாடகையா கொடுக்கிறோம்?

மொன்டானாவில் க்ளேசியர் தேசியப் பூங்காவுக்குப் போவதே அங்குள்ள மலையைக் குறுக்கே கடக்கும் கோயிங்-டு-தி-சன் சாலைக்காகத்தான். அதன் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை. எங்களுடையது 30. யூட்டாவில் ஸயான் பூங்காவின் சுரங்கச் சாலை 1930-இல் திறந்தது, அன்றைய கார்களுக்குக் கட்டியது. பெரிய வண்டி போக வேண்டுமென்றால் அப்போது 15 டாலர் கட்ட வேண்டியிருந்தது. எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நிறுத்திவைத்து, நட்டநடுவில் விட்டார்கள். சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். க்ளேசியருக்குப் போய் வாசலோடு திரும்புவது என்ன நியாயம்?

அப்புறம்தான் மைல் கணக்குப் போட்டேன். நாள் வாடகை தவிர, ஓடுகிற ஒவ்வொரு மைலுக்கும் 35 சென்ட். இந்த அளவு வண்டி கேலனுக்கு 8 மைல் கொடுத்தால் பெரிது, ஆக அன்றைய விலையில் பெட்ரோல் மைலுக்கு 46 சென்ட். இரண்டும் சேர்ந்து 80 சென்டுக்கு மேல். வயோமிங்கின் யெல்லோஸ்டோன் பூங்காவிலிருந்து க்ளேசியருக்குப் போய்வரச் சுமார் 800 மைல், அதாவது 640 டாலருக்கும் மேல். மொன்டானாவை ஒரே கோட்டில் அடித்தேன். அந்த வேகத்தில் யூட்டாவும் போனது. கொலராடோ எங்கள் டென்வர் இருக்கிற மாநிலம்தான், அதை அரை மாநிலம் என்று வைத்துக்கொண்டோம். முழுசாக மிஞ்சியது வயோமிங் மட்டும்.

இலவசமாகத் தங்கும் இடங்களைத் தேடினால் நிறையவே கிடைக்கிறது. காட்டு இலாகா நிலத்திலும் பி.எல்.எம். என்கிற மத்திய நில நிர்வாகத் துறையின் பொதுநிலத்திலும் பல இடங்களில் காசில்லாமல் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். பி.எல்.எம். நிலத்தில் பொதுவாக 14 நாள் வரை. தண்ணீர், மின்சாரம் எதுவும் இருக்காது. இன்னொன்று, தேசியப் பூங்காக்களுக்கான வருடப் பாஸ், அப்போது 80 டாலர். எல்லோரும் வாங்கச் சொன்னார்கள். நாங்கள் போவது யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன் என்ற இரண்டு பூங்காவுக்கு மட்டும், அப்போது தலா 35 டாலர். எழுபதோடு முடிகிற செலவுக்கு எண்பது எதற்கு? வாங்கவில்லை.

மாமா சத்தியமங்கலத்திலிருந்து மைசூருக்கு முப்பது வருடம் லாரி ஓட்டியவர். வண்டியை முதலில் பார்த்ததும் சக்கரங்களைச் சுற்றி வந்து, "லிட்டருக்கு எத்தனை குடுக்குது?" என்றார். மூன்றரைக்குள்தான் என்று சொன்னேன். "நம்ம லாரி பத்து டன் ஏத்திக்கிட்டு நாலு குடுக்குமே" என்று சொல்லிவிட்டு ஏறி, மகனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து அந்த இருக்கை எனக்குக் கிடைக்கவேயில்லை.

லாரமியைத் தாண்டி 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் காற்று எங்களை விலாவில் பிடித்துத் தள்ளியது. ஒவ்வொரு டிரக் கடக்கும்போதும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும், உள்ளே டம்ளர்கள் கடகடக்கும். ராலின்ஸில் பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பும்போது ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்ததில் பின்பக்கம் எதிர்த்திசையில் வீசி, மஞ்சள் கம்பத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது. பின் அச்சுக்குப் பின்னாலேயே பத்தடி நீண்டிருக்கிறதே, அதுதான். மாமா மட்டும் பதறவில்லை. "வால் இருக்குது கண்ணு, மறந்தறாத" என்றார்.

லேண்டர் என்ற ஊரில் நகரப் பூங்காவிலேயே அப்போது மூன்று இரவு வரை இலவசமாகத் தங்க விட்டார்கள். பக்கத்திலேயே ஆறு. பெயரை எழுதுவது ஒரு மாதிரி, உள்ளூர்க்காரர்கள் சொல்வது 'பொப்போஷா'. சற்று மேலே சிங்க்ஸ் கேன்யனில் இந்த ஆறு ஒரு குகைக்குள் புகுந்து காணாமல் போய், கால் மைல் கீழே ஒரு குளத்தில் அமைதியாக எழும்புகிறது. அந்தக் கால் மைலைக் கடக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறதாம், சாயம் கலந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது? குளத்தில் தடித்த டிரவுட் மீன்கள். அத்தை பையிலிருந்த பொரியைத் துழாவ, மீனுக்குத் தீனி போடும் பெட்டி தனியாக இருப்பதைச் சின்னவள் காட்டினாள்.

டூபாய்ஸ் என்ற ஊரைத் தாண்டி டோக்வோட்டி கணவாய், 9,658 அடி. ஏற்றத்தில் 35 மைலுக்கு மேல் போகவில்லை. உயரம் போகப்போக எஞ்சினுக்கும் மூச்சு வாங்குகிறது. பின்னால் கார்கள் சேரும்போதெல்லாம் ஒதுங்கி வழிவிட்டோம். உச்சி தாண்டியதும் மாமா வாயைத் திறந்தார்: "ஏறுன கியர்லயே எறங்கோணும். பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா டிரம்மு பழுத்துப் போகும்." மாமா ஓட்டிய மைசூர் வழியில் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசியில் வளைவே வேகத்தைக் குறைத்துவிடும். இங்கே வளைவு அதிகமில்லாத நீண்ட இறக்கம், சும்மா விட்டால் வேகம் தானாகக் கூடிக்கொண்டே போகும். ஆட்டோமேட்டிக் வண்டிதான், ஆனாலும் கியரைக் கீழே இழுத்துவைத்தே இறங்கினோம். எதிரே டீட்டன் மலைகள் பனியோடு முளைத்து வந்தபோது ஓட்டுகிறவரைத் தவிர எல்லோரும் பார்த்தோம்.

கீழே நிறுத்திக் குளிர்பெட்டியைத் திறந்தால், இட்லி மாவு டப்பாவின் மூடி பறந்து, கத்தரிக்காய் மேலெல்லாம் மாவு. சிப்ஸ் பாக்கெட்டுகள் தலையணை போல உப்பியிருந்தன. மூடியபோது இருந்த காற்றழுத்தம் வேறு, மேலே வேறு. மாவைப் பொங்கவைக்க நான் பட்ட பாட்டை மலை அரை மணியில் முடித்திருந்தது. மீதியைத் தோசையாக ஊற்றினோம்.

யெல்லோஸ்டோனில் தண்ணீர், மின்சாரம், கழிவுக்குழாய் மூன்றும் உள்ள ஒரே முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ்தான். கரடி நடமாட்டம் என்பதால் அங்கே கூடாரத்துக்கு அனுமதியில்லை. விலையைப் பார்த்து ஒரே இரவுதான் எடுத்தோம். அதுவும் மாதக்கணக்கில் முன்பே பதிந்தது. அந்த இரவில் எல்லோரும் தலைக்குக் குளித்து, தொட்டிகளைக் காலிசெய்து, நல்ல தண்ணீர் நிரப்பிக்கொண்டோம். கழிவுக்குழாய் பிடுங்கும் வேலையைக் கையுறையோடு என் கணவர் செய்தார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதாக இல்லை. சிவந்த பாறை, நீராவி, காட்டெருமை எல்லாவற்றையும் படத்தில் பார்த்திருப்பீர்கள், அப்படியேதான் இருக்கின்றன.

கோடி என்ற ஊர் வழியாகத் திரும்பி தெர்மோபொலிஸ் வந்தோம். அங்கே மாநில அரசின் வெந்நீர்க் குளியலறை இலவசம். 1896-இல் ஷோஷோனி, அரபஹோ மக்கள் இந்த ஊற்று நிலத்தைக் கைமாற்றிக் கொடுத்த ஒப்பந்தத்திலிருந்து வந்த வழக்கம் என்கிறார்கள். ஒருவருக்கு 20 நிமிடம். கழுத்தளவு வெந்நீரில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த மாமா, நேரம் முடிந்து எழுந்தபோது கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு எத்தனை குடுத்தீங்க?"

"காசே இல்லைங்க மாமா."

"அப்பறம் நாளைக்கே எதுக்குக் கெளம்போணும்?"

காஸ்பரில் பதிந்திருந்த இரவை ரத்து செய்துவிட்டு இன்னொரு நாள் தங்கினோம். நோட்டில் அன்றைய பக்கத்தில் மைல் என்ற இடத்தில் சுழியமும், பெட்ரோல் என்ற இடத்தில் ஒரு கோடும் போட்டேன். மாமா எட்டிப் பார்த்து, "இன்னைக்குத்தான் நல்லா குடுத்திருக்குது" என்றார்.