உப்புக்காற்றும் மானிட்டர் கேபிளும்

எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டுமென்று கம்ப்யூட்டரில் ரெசல்யூஷனை (திரையில் படம் எத்தனை புள்ளிகளால் ஆனது என்ற அளவை)க் குறைத்து வைக்கிறவர்களை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எங்கள் வீடு பாம்பனில். கடலுக்குப் போகுமுன் அப்பா கடல்நிலை முன்னறிவிப்பு தரும் மத்திய அரசு மையமான இன்காய்ஸின் தளத்தில் காற்று, அலை முன்னறிவிப்பைப் பார்த்துவிடுவார். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடலில் அலை எத்தனை மீட்டர் என்பது லேசான விஷயமில்லை. விண்டோஸை மறுபடி ஏற்றிய பிறகு திரை 1024×768-க்குப் போய்விட்டது. வரைபடம் பக்கவாட்டில் இழுபட்டது. 1.8 என்ற எண்ணில் புள்ளி 8-ஓடு ஒட்டிக்கொண்டு 18 போலத் தெரிந்தது. எழுத்துகளின் மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

எங்கள் மானிட்டரின் சொந்த அளவு 1920×1080, அதாவது 20 லட்சத்துக்கும் மேல் புள்ளிகள். 1024×768-இல் 8 லட்சம்கூட வராது. இருக்கிறதை இழுத்துத் திரையை நிரப்புவதால்தான் அந்த மங்கல்.

டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போனால், ரெசல்யூஷனை மாற்றவே விடவில்லை. டிவைஸ் மேனேஜரில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தது. திரைப் படத்தைக் கவனிக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை என்று அர்த்தம். போன் இணையத்தை வைத்து இன்டெல் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போட்டு, ரீஸ்டார்ட் செய்தேன். ரெசல்யூஷன் பட்டியல் திறந்தது, ஆனால் அதில் 1920×1080 மட்டும் இல்லை!

மானிட்டரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பழைய வகை விஜிஏ கேபிளைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஊசிகளில் பச்சைக் களிம்பு. நம் ஊர் உப்புக்காற்று எதை விட்டுவைக்கிறது? அந்த 15 ஊசிகளில் இரண்டு, மானிட்டர் தன் விவரத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வதற்கானவை. அவை சரியாகத் தொடாவிட்டாலும் படம் வரும்; என்ன மானிட்டர், எவ்வளவு தாங்கும் என்பது மட்டும் விண்டோஸுக்குத் தெரியாது. கடற்கரை ஊர்களில் டிரைவரையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறவர்கள் முதலில் கேபிளைக் கழற்றிப் பாருங்கள்.

மானிட்டர், கம்ப்யூட்டர் இரண்டிலும் எச்டிஎம்ஐ என்ற புதுவகை இணைப்பும் இருந்ததால் ராமேஸ்வரத்தில் புது கேபிள் வாங்கி மாட்டினேன். ‘ரெகமண்டட்’ என்ற குறிப்போடு 1920×1080 வந்து நின்றது. மாற்றியதும், அப்படியே வைத்துக்கொள்ளவா என்று ‘கீப் சேஞ்சஸ்’ கேட்கும். திரை கறுத்துப்போனாலும் பயப்பட வேண்டாம். எதையும் அழுத்தாமல் விட்டால் 15 விநாடியில் பழையபடி திரும்பிவிடும்.

“என்னம்மா, எழுத்து இம்புட்டுப் பொடிசா இருக்கு?” என்றார் அப்பா. அதற்குத்தான் அதே டிஸ்ப்ளே செட்டிங்ஸ் பக்கத்தில், ரெசல்யூஷனைத் தொடாமல் எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேல் இருக்கிறது. 125 சதவீதம் போதவில்லை, 150 வைத்தேன். எழுத்து பெரிதானது, கூர்மையும் குறையவில்லை. சில பழைய புரோகிராம்களில் மட்டும் மங்கல் மிச்சமிருந்தது. சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்ததும் அதுவும் சரியாகிவிட்டது.