காதில் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள்

ஆசிரியர் அறையில் யாருக்காவது கிறுகிறுப்பு என்றால் உடனே என்னைக் கைகாட்டிவிடுகிறார்கள். "டீச்சருக்குக் காதுல தண்ணி விட்டுப் பார்த்தாங்க, அவங்களைக் கேளு." தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் குடியாத்தத்தில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவள். நடுவில் மின்னோட்டமெல்லாம் வரும், பொறுத்துக்கொள்ளவும்.

காலையில் படுக்கையை விட்டு எழும்போதே வீடு சுழன்றது. ஓயாத வாந்தி. காது மட்டும் நன்றாகக் கேட்டது. (பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் பலவீனம் சேர்ந்து வந்தால் அது வேறு விஷயம், நேரே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும்.) முதலில் பார்த்த கிளினிக்கில் சுற்றலை அடக்கும் மாத்திரை கொடுத்தார்கள். சுற்றல் நின்றது, நடந்தால் இடப்பக்கம் சாய்வது நிற்கவில்லை. வேலூரில் பார்த்த டாக்டர், இடது காதின் சமநிலை நரம்பில் அழற்சி போலத் தெரிகிறது, டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

டெஸ்டுக்கு 48 மணி நேரம் முன்பே அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். பிரஷர், சுகர் மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது. கண்ணுக்கு மை கூடாது, கேமரா கருவிழியைத் தேடும்போது மை குழப்பிவிடும். தனியாகப் போகாதீர்கள். நான் தம்பியைக் கூட்டிக்கொண்டு லத்தேரி வழியாகப் பஸ்ஸில் போனேன்.

டெஸ்டைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். நாம் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் இரண்டு காதின் சமநிலை நரம்புகளும் சும்மா இருப்பதில்லை. 1971-இல் கோல்ட்பெர்க், ஃபெர்னாண்டஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அணில் குரங்குகளில் அளந்தபோது, ஓய்விலேயே ஒரு நரம்பிழை சராசரியாக விநாடிக்கு 90 மின்துடிப்பு அனுப்பிக்கொண்டிருந்தது. தலையை வலப்பக்கம் திருப்பினால் வலது பக்கத்தில் துடிப்பு ஏறும், இடது பக்கத்தில் இறங்கும். மூளை பார்ப்பது இந்த வித்தியாசத்தைத்தான். ஒரு பக்கம் அடங்கிப்போனால், ஜோடி மாட்டில் ஒன்று படுத்துக்கொண்ட வண்டி மாதிரி, நாம் சுழன்றுகொண்டே இருப்பதாக மூளை முடிவு கட்டிவிடுகிறது.

முதலில் கேமரா பொருத்திய இறுக்கமான ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு, சுவரில் இருக்கும் புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். ஆடியாலஜிஸ்ட் (காதைச் சோதிக்கிறவர்) பெண் பின்னால் நின்று என் தலையை வெடுக்கென்று கொஞ்சமே கொஞ்சம் திருப்பினார். வலப்பக்கம் திருப்பினால் கண் புள்ளியிலேயே நின்றது. இடப்பக்கம் திருப்பினால் கண்ணும் தலையோடு போய்விட்டு, பிறகு தாவிப் புள்ளிக்குத் திரும்பியது. திரையில் அந்தத் தாவல் முள்முள்ளாகத் தெரிந்தது. ஏன் வேகமாகத் திருப்ப வேண்டும்? துடிப்பு ஏறினால் சில நூறு வரை போகும், இறங்கினால் பூஜ்யத்தோடு சரி. வேகமான திருப்பலில் நல்ல காது பூஜ்யத்தைத் தொட்டுவிடும், அதற்கு மேல் அதனால் தகவல் சொல்ல முடியாது. அப்போது கெட்ட காதின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது கழுத்தில் எலெக்ட்ரோடு ஒட்டி, படுத்தபடி தலையைத் தூக்கித் திருப்பச் சொல்லி, காதில் டக் டக்கென்று பெரிய சத்தம். வலி இல்லை, கழுத்துதான் கடுத்தது. சத்தம் கேட்டு 13 மில்லி விநாடியில் கழுத்துத் தசை ஒரு கணம் தளர்கிறது, அதைப் பதிகிறார்கள். இந்தத் தட்டலுக்குப் பதில் சொல்பவை ஒழுங்கற்ற இடைவெளியில் துடிக்கும் நரம்புகள். அவற்றின் சவ்வில் சீக்கிரமே திறந்துகொள்ளும் பொட்டாசியம் வாயில்கள் உண்டு. மெதுவாக வரும் சிறு மின்னோட்டம் அதில் ஒழுகிப்போய்விடும், திடீர்த் தள்ளல் மட்டும் துடிப்பாகும். சீரான இடைவெளியில் துடிக்கும் இன்னொரு வகைக்கு அந்த ஒழுகல் குறைவு. இந்த டெஸ்டில் எனக்கு இரண்டு பக்கமும் சரியாகவே இருந்தது. சமநிலை நரம்புக்கு மேல், கீழ் என்று இரண்டு கிளை; இந்த டெஸ்ட் பார்ப்பது கீழ்க்கிளையை. அதாவது கீழ்க்கிளை தப்பித்தது, அடி வாங்கியது மேல்கிளை.

கடைசியில்தான் தண்ணீர். தலையை 30 டிகிரி உயர்த்திப் படுக்கவைத்து 30 டிகிரி செல்சியஸ் தண்ணீர், பிறகு 44 டிகிரி. உடல் சூட்டுக்கு 7 டிகிரி கீழே, 7 டிகிரி மேலே. வலது காதில் விட்டதும் கட்டிலோடு ராட்டினம் சுற்றியது. "மேடம், கண்ணை மூடாதீங்க, காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரைக்கும் ஸ்டேஷன் பேரெல்லாம் சொல்லுங்க" என்றார் ஆடியாலஜிஸ்ட். சுற்றும்போது கண் தானாக அசைவதைத்தான் கேமராவில் பார்க்கிறார்கள்; மனம் மந்தமானால் அந்தக் கண்ணசைவு அடங்கிவிடுமாம், அதற்காக. லத்தேரி, காவனூர், விரிஞ்சிபுரம், குடியாத்தம், வளத்தூர், மேல்பட்டி... பச்சகுப்பத்தில் மாட்டிக்கொண்டேன். அதற்குள் சுற்றலும் குறைந்துவிட்டது, இரண்டு நிமிடத்துக்கு மேல் இல்லை. இடது காதில் விட்டபோது காது ஜில்லென்றது, அவ்வளவே. ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் தடையில்லாமல் வந்தன.

உட்காதில் உள்ள திரவம் குளிர்ந்தால் அடர்த்தி கூடிக் கீழே இறங்கும், அந்த ஓட்டம்தான் காதைத் தூண்டுகிறது என்று 1914-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பெற்ற காது மருத்துவர் பாரனி விளக்கினார். ஆனால் 1983-இல் விண்வெளி ஆய்வுக்கூடத்தில், எடையே இல்லாத இடத்திலும், காதின் சூட்டை மாற்றினால் கண் அசைந்தது. ஆகவே வெப்பம் செல்களின் துடிப்பை நேரடியாகவும் மாற்றுகிறது போலும். வகுப்பில் வெப்பச்சலனம் நடத்தும்போது இப்போது இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர் சுற்றல் மாத்திரையை அறவே நிறுத்தினார். நரம்பு தேறாவிட்டாலும், மூளைத்தண்டில் உள்ள சமநிலைச் செல்கள் காதின் உதவி இல்லாமலே தம் ஓய்வுத் துடிப்பைத் திரும்பக் கட்டிக்கொள்கின்றன; கினிப்பன்றிகளில் இதற்கு ஒரு வாரம் போதும். மாத்திரை அந்த வேலையையே மந்தமாக்கும். இதை முதல் கிளினிக்கில் யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அப்புறம் பயிற்சி: கட்டைவிரலை நீட்டி அதையே பார்த்தபடி தலையை இடம் வலமாக ஆட்ட வேண்டும். ஆரம்பத்தில் குமட்டும், ஆனாலும் விடக் கூடாது என்றார்கள். நான் மொட்டை மாடியில் காலையும் மாலையும் செய்கிறேன். ஸ்கூட்டியில் இடப்பக்கம் சட்டென்று திரும்பிப் பார்த்தால் மட்டும் இன்னும் கடைப் பலகைகள் ஒரு கணம் வழுக்குகின்றன.