லீட் டைமைக் கோட்டை விட்டுவிட்டு ஏ.ஐ. படித்த கதை

சி.எல்.டி.டி. தேர்வில் முதல் தடவை நான் ஃபெயில். 200-இல் தொடங்கி 350-இல் முடியும் மதிப்பெண் அளவில் 300 எடுத்தால் பாஸ். எனக்கு வந்தது 286. லாஜிஸ்டிக்ஸ், போக்குவரத்து, விநியோகம் மூன்றுக்கும் சேர்த்து ஏ.எஸ்.சி.எம். அமைப்பு நடத்தும் சான்றிதழ் தேர்வு இது. துறையில் பழைய ஆட்கள் இன்னும் அந்த அமைப்பை ஏபிக்ஸ் என்றுதான் சொல்வார்கள். 150 கேள்விகள், மூன்றரை மணி நேரம். அதில் 20 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது, ஆனால் அவை எவை என்று நமக்குத் தெரியாது.

தோற்ற காரணத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. செயற்கை நுண்ணறிவு வந்து எங்கள் வேலையையே விழுங்கப்போகிறது என்ற பயத்தில், படிக்கக் கிடைத்த மூன்று மாதத்தில் இரண்டை அதற்கே கொடுத்துவிட்டேன். நியூரல் நெட்வொர்க், டிஜிட்டல் ட்வின், தானாக ஓடும் லாரி என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். ஸ்டாக் கணக்கு, லீட் டைம் (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வந்து சேரும்வரை ஆகும் நாள்), மறு ஆர்டர் புள்ளி (ஸ்டாக் எவ்வளவுக்கு இறங்கினால் மறுபடி ஆர்டர் போடுவது) எல்லாம் 'தெரிந்ததுதானே, கிடங்கில் தினமும் பார்க்கிறோமே' என்று கடைசி வாரத்துக்குத் தள்ளினேன். தேர்வில் சறுக்கியதும் சரியாக அங்கேதான்.

கேள்விகளை வெளியே சொல்லமாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் தேர்வில் உட்காருகிறோம். அதனால் இங்கே வரும் கணக்குகள் எல்லாம் இரண்டாவது முறை தயாரானபோது நானே எனக்குப் போட்டுக்கொண்டவை.

இரண்டாவது முறை ஒரு நோட்டு வைத்தேன். ஏ.ஐ. பற்றி எதைப் படித்தாலும் அதன் எதிரே ஒரே ஒரு கேள்வி: இது யாருடைய எந்த முடிவை மாற்றுகிறது? பதில் எழுத வரவில்லை என்றால் அந்தப் பக்கத்தை அடித்துவிடுவேன். பாதி நோட்டு அடிபட்டது. டிரோன் டெலிவரிக்காக நான் வைத்திருந்த நாலு பக்கமும் அதில் போனது, வருத்தமில்லை.

அடிபடாமல் நின்றவற்றில் முதலாவது கிடங்கு ரோபோ. 2012-இல் அமேசான் 77.5 கோடி டாலர் கொடுத்து கீவா சிஸ்டம்ஸ் என்ற ரோபோ நிறுவனத்தை வாங்கியது. இதை வெறும் தேதியாக உருப்போட்டால் ஒரு பயனும் இல்லை. கிடங்குச் செலவில் ஏறக்குறைய பாதி, சரக்கை எடுத்துச் சேர்க்கும் பிக்கிங் வேலைக்குப் போகிறது என்றும், பிக்கிங் செய்பவரின் நேரத்தில் ஏறக்குறைய பாதி நடையிலேயே கழிகிறது என்றும் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. கீவா ரோபோ அலமாரியையே தூக்கிக்கொண்டு ஆளிடம் வந்தது. அதாவது நடையை ஒழித்தது. 2025-இல் அமேசான் தன்னிடம் 10 லட்சம் ரோபோக்கள் ஆகிவிட்டன என்று அறிவித்தபோது கூடவே ஒரு ஏ.ஐ. மாடலையும் அறிவித்தது. அதன் வேலை என்ன தெரியுமா? ரோபோக்களின் பயண நேரத்தை 10% குறைப்பது. நடப்பது மனிதனாக இருந்தாலும் இயந்திரமாக இருந்தாலும் நடைதான் செலவு. இது பிடிபட்ட பிறகு, வேகமாகப் போகும் சரக்கை எந்த அலமாரியில் வைப்பது என்ற ஸ்லாட்டிங் பாடம் தனியாகப் படிக்க வேண்டியதாகவே இல்லை.

இரண்டாவது, வண்டிப் பாதை. இங்கே நிறையப் பேர் குழம்புகிறார்கள், நானும் குழம்பினேன். 10 இடங்களில் டெலிவரி என்றால் போகும் வரிசையை 36,28,800 விதமாக அமைக்கலாம். 20 இடம் என்றால் அந்த எண்ணுக்கு 19 இலக்கம். டான்ட்ஸிக், ராம்சர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்த லாரி அனுப்பும் பிரச்சினையைக் கணிதமாக எழுதியது 1959-இல். யு.பி.எஸ். பார்சல் நிறுவனத்தின் ஓரியன் மென்பொருள் இந்த வகையைச் சேர்ந்தது. எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டித் திரும்பும் திருப்பங்களை முடிந்தவரை தவிர்க்கிறது என்று அடிக்கடி பேசப்படுமே, அதேதான். இதன் மையம் உகப்பாக்கம், அதாவது இருக்கும் வழிகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பது. கணிப்பு இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மாலை 5 மணிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்வது மெஷின் லேர்னிங்கின் வேலை. அந்த நேரங்களை வைத்துக்கொண்டு எந்த வரிசையில் போகலாம் என்று முடிவெடுப்பது ஆபரேஷன்ஸ் ரிசர்ச். சூழ்நிலைக் கேள்வி வந்தால் முதலில் 'இவர்களுக்குக் கணிப்பு வேண்டுமா, முடிவு வேண்டுமா' என்று பிரித்துவிடுங்கள். நாலு விடைகளில் இரண்டு அங்கேயே கழன்றுவிடும்.

சரி, இப்போது நான் கோட்டை விட்ட இடம். சேஃப்டி ஸ்டாக், அதாவது தேவை கூடினாலோ சரக்கு தாமதமானாலோ சமாளிக்கக் கூடுதலாக வைக்கும் இருப்பு.

ஒரு சரக்கு தினமும் சராசரியாக 100 பெட்டி போகிறது, திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து ஏறி இறங்கும் அளவு) 20. ஆர்டர் போட்டால் வந்து சேர 9 நாள், அதன் திட்டவிலக்கம் 3 நாள். 95% சர்வீஸ் லெவலுக்கு, அதாவது ஆர்டர் வந்து சேரும்வரை ஸ்டாக் தீராமலிருக்கும் வாய்ப்பு 95% ஆக இருக்க, பெருக்கும் எண் 1.65. சூத்திரத்தில் இரண்டு துண்டு உண்டு. முதல் துண்டு தேவையின் ஆட்டம்: 20-இன் வர்க்கம் பெருக்கல் 9, அதாவது 3,600. இரண்டாவது துண்டு லீட் டைமின் ஆட்டம்: 100-இன் வர்க்கம் பெருக்கல் 3-இன் வர்க்கம், 90,000. கூட்டினால் 93,600. வர்க்கமூலம் சுமார் 306. அதை 1.65-ஆல் பெருக்கினால் 505 பெட்டி.

இப்போது அருமையான ஏ.ஐ. ஃபோர்காஸ்ட் ஒன்றை வாங்கித் தேவைக் கணிப்பின் பிழையைப் பாதியாக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 20 போய் 10 ஆகிறது. கணக்கை மறுபடி போடுங்கள். 505 போய் 497 ஆகிறது. பாதிப் பிழையை ஒழித்ததற்குக் கிடைத்தது ஏழெட்டுப் பெட்டி! அதே நேரம் ஃபோர்காஸ்டைத் தொடாமல், சப்ளையரிடம் பேசியோ, பாதையை மாற்றியோ லீட் டைமின் ஆட்டத்தை 3 நாளிலிருந்து 1 நாளாக்கினால்? 192 பெட்டி போதும்.

இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டு முடித்த ராத்திரி பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதம் நான் படித்ததெல்லாம் முதல் துண்டைச் சுற்றியே இருந்தது. ஸ்டாக் குவிந்து கிடந்ததோ இரண்டாவது துண்டில். எல்லாச் சரக்குக்கும் இப்படி இருக்காது. லீட் டைம் நிலையாக இருந்து தேவை தாறுமாறாக ஆடினால் விடை தலைகீழாகும். எது பெரிய துண்டு என்று பார்க்காமல் கருவியைத் தேடக்கூடாது, அவ்வளவுதான்.

இதிலேயே ஒரு நுணுக்கமும் உண்டு. கப்பல் எப்போது வந்து சேரும் என்று ஏ.ஐ. கணித்துச் சொல்லும் சேவைகள் இப்போது நிறைய. அந்தக் கணிப்பு வந்துவிட்டால் சேஃப்டி ஸ்டாக் குறைந்துவிடும் என்று எழுதத் தோன்றும். எப்போது தெரிகிறது என்று கேளுங்கள். ஆர்டர் போடும் நாளிலேயே தெரிந்தால் குறையும். கப்பல் கிளம்பிய பிறகு 'நாலு நாள் தாமதம்' என்று தெரிந்தால், அவசரத்துக்குக் கொஞ்சத்தை விமானத்தில் வரவழைக்கலாம், இறக்கும் மேடையின் நேரத்தை வேறு வண்டிக்குக் கொடுக்கலாம். அதுவும் நல்லதுதான், ஆனால் சூத்திரத்தில் அது வேறு இடம். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே சிக்கிக் கிடந்ததே, அப்படி ஒன்றை எந்த மாடலும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

அப்புறம் செய்முறை. படித்தது மட்டும் போதாது என்று எம்5 போட்டியின் தரவை இறக்கிக்கொண்டேன். விற்பனையைக் கணிப்பதற்காக 2020-இல் காகிள் என்ற தரவுப் போட்டித் தளத்தில் நடந்த போட்டி, வால்மார்ட்டின் 10 கடைகளில் 3,049 பொருட்களின் தினசரி விற்பனை, எல்லோருக்கும் திறந்த தரவு. என் முதல் மாடல் பிரமாதமாக வந்தது, சந்தேகப்படும் அளவுக்குப் பிரமாதம். ரெண்டு நாள் பெருமையாகச் சுற்றிவிட்டுத்தான் கண்டுபிடித்தேன்: தேதி வரிசையைக் கலைத்துப்போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்திருக்கிறேன். செவ்வாயைக் கணிக்கச் சொல்லிவிட்டு திங்களையும் புதனையும் கையில் கொடுத்த மாதிரி. வரிசையை மாற்றாமல் கடைசி 28 நாளை மட்டும் மறைத்துச் சோதித்தபோது மாடலின் சாயம் வெளுத்தது.

அதே தரவில் இன்னொரு பாடம், பூஜ்யம். ஒரு நாள் விற்பனை பூஜ்யம் என்றால் யாரும் கேட்கவில்லை என்றும் இருக்கலாம், கேட்டும் அலமாரி காலி என்றும் இருக்கலாம். விற்பனைத் தரவுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டாவது வகைப் பூஜ்யத்தை 'தேவை இல்லை' என்று மாடல் படித்துக்கொண்டால் குறைவாகக் கணிக்கும், குறைவாக ஆர்டர் போகும், அலமாரி மறுபடி காலியாகும். கிடங்கில் வேலை பார்ப்பவர்களுக்கு இது உடனே புரியும், ஏனென்றால் அந்தக் காலி அலமாரியை நாம்தான் பார்க்கிறோம்.

அந்தப் போட்டியில் கலந்துகொண்ட 5,507 அணிகளில், ஒப்பிட வைத்திருந்த எளிய முறைகளில் மிகச் சிறந்ததைத் தாண்டியவை வெறும் 7.5%. அந்த எளிய முறை 1950களில் பிறந்த எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூதிங், அதாவது அண்மை நாட்களுக்கு அதிக எடை கொடுத்துச் சராசரி எடுப்பது. முன்வரிசைக்கு வந்தவை மெஷின் லேர்னிங் மாடல்கள்தான், அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் பழைய முறையை 'காலாவதி' என்று தாண்டிப் போகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம்.

சாட்பாட்டை வைத்துப் படிக்கலாமா என்று அலுவலகத்தில் தம்பி ஒருவன் கேட்டான். படிக்கலாம், நானும் படித்தேன். மாதிரிக் கேள்வி எழுத, ஒரு கருத்தை வேறு விதமாக விளக்க அது நல்ல துணை. ஆனால் ஒரு தடவை சேஃப்டி ஸ்டாக்குக்கு, தேவையின் ஆட்டத்தை மட்டும் பார்க்கும் எளிய கணக்கில், திட்டவிலக்கம் 20-ஐ 9-இன் வர்க்கமூலத்தால் பெருக்குவதற்குப் பதில் 9-ஆலேயே பெருக்கிவிட்டு, துளிகூடத் தயங்காமல் விடை சொன்னது. 60 வர வேண்டிய இடத்தில் 180. கையால் போட்டுப் பழகியிருந்ததால் மாட்டிக்கொண்டது. முதல் முறை தயாரானபோது இருந்த ஆளாக இருந்தால் அப்படியே நோட்டில் எழுதியிருப்பேன்.

தேர்வு நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கேள்விக்கு 84 வினாடிதான் விழும். கணக்குக் கேள்வி இழுத்தால் குறித்துவைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மதிப்பெண்ணே இல்லாத 20-இல் அது ஒன்றாகக்கூட இருக்கலாம். இரண்டாவது முறை எனக்கு 318 வந்தது.

இப்போது தயாராகிறவர்களுக்கு என் ஒரே வீட்டுப்பாடம்: நீங்கள் வேலை செய்யும் இடத்துச் சிஸ்டத்தில் லீட் டைம் என்ற கட்டத்தைத் திறந்து பாருங்கள். தேர்வு முடிந்த வாரம் நான் பார்த்தேன். முந்நூற்றுச் சொச்சம் பொருள், எல்லாவற்றுக்கும் 14 நாள். சிஸ்டம் போட்ட அன்று யாரோ தட்டிவிட்டது, அதன் பிறகு ஒருவரும் தொடவில்லை. மேல்மாடியில் புதிதாக வாங்கிய ஏ.ஐ. ஃபோர்காஸ்ட் அந்த 14-ஐ நம்பித்தான் ஆர்டர் பரிந்துரைத்துக்கொண்டிருந்தது. ஆர்டர் போட்ட தேதியும் சரக்கு வந்திறங்கிய தேதியும் ஏற்கெனவே ரிஜிஸ்டரில் இருந்தன. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க எனக்கு ஒரு மதியம் ஆனது. முதலில் கழித்துப் பார்த்த பொருளுக்கு 6 நாளும் இருந்தது, 31 நாளும் இருந்தது.